வேலை போன வீட்டில் வளர்ப்புப் பிள்ளைகள்

 

நமது செய்தி ஏட்டில் ஜகாத் பற்றியும் கொடுக்கல் வாங்கல் பற்றியும் மௌலவிமார்கள் பாடம் எழுதி வருகிறார்கள். நாம் மௌலவி அல்லர். மதரஸா ஓதலும் ஆரம்பப் பள்ளிப் படிப்புமே நமக்கு உள்ளவை. சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடை வைத்துப் பிழைத்து வருகிறோம். ஆயினும், எடுத்து வளர்க்கும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சம்பாதிப்பவனுக்கு வேலை போய்விட்டால் என்ன நேருகிறது என்பதைப் பட்டு அறிந்தவர்கள் நாம். அதை எழுதும்படி சங்கத்து நண்பர்கள் வெகு நாளாகக் கேட்டு வந்தார்கள். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா என்று தயங்கியிருந்தோம்.

சென்ற மாதம் ஒரு சகோதரர் கடைக்கு வந்தார். பத்து கிலோ அரிசியைக் கடனில் எழுதச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாய், அந்தப் பிள்ளையை அதன் சொந்தக்காரர்களிடமே திருப்பி விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சாக இருக்கிறது" என்றார். அவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்று கல்லாவுக்கு முன்னால் நின்றபடி அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் நம் வீட்டுக் கதை. 2017-ம் ஆண்டு இரண்டு குழந்தைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணனும் தங்கையும். பையனுக்கு மூன்று வயது. பெண்ணுக்கு எட்டு மாதம். அவர்களைப் பெற்றவர்கள் யார், எதனால் கொடுத்தார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அந்தப் பிள்ளைகளின் சொத்து. அதைச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. அப்போது நாம் ஈப்போவில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருந்தோம். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவோம். 2020 மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கிடங்கில் சரக்கு நகரவில்லை. ஆகஸ்டு மாதம் முதலாளி எங்களில் பதினோரு பேரைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்.

அன்று இரவே ஒரு காகிதத்தை எடுத்துச் செலவுக் கணக்கு எழுதினோம். கணக்கு எழுதிப் பழகிய கை அல்லவா? வாடகை, மின்சாரம், தண்ணீர், மோட்டார் சைக்கிள் தவணை என்று வரிசையாக எழுதி வந்து, கீழே பையனின் பெயரைப் போட்டு அதற்கு நேரே பாலர் பள்ளிக் கட்டணம், வேன், புத்தகம் என்றும், தங்கையின் பெயரைப் போட்டு அதற்கு நேரே பால் மாவு, கிளினிக் என்றும் எழுதினோம். வெட்டக் கூடியவற்றின் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டோம். பையன் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கோடு விழுந்தது. காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துவிட்டுப் படுத்துவிட்டோம்.

பையன் அந்த வருஷம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தான். தன் பெயரை எங்கே கண்டாலும் நின்று வாசிப்பான். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா ஒன்றைக் கவனித்தார்கள். பையன் தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து போகிறான். வயிறு சரியில்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம். நாலாம் நாள் இரவு அவனே கேட்டான்: "அத்தா, எனக்கு மாசம் எத்தனை வெள்ளி ஆகுது?"

சகோதரர்களே, அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் நமக்கு விஷயம் விளங்கிற்று. பெற்ற பிள்ளை "காசு இல்லை" என்ற பேச்சைக் கேட்டால், காசு இல்லை என்று மட்டும் புரிந்துகொள்ளும். மிஞ்சிப் போனால் அழும். ஒரு தடவை கைமாறிய பிள்ளைக்கோ அதே பேச்சு வேறு மாதிரி கேட்கிறது. மறுபடியும் கைமாறப் போகிறோம் என்று கேட்கிறது. நாம் கடைச் சரக்குக்குச் செய்கிற மாதிரியே, நஷ்டக் காலத்தில் எதைத் தள்ளுவது என்ற கணக்கில் அவன் பெயரை எழுதிவிட்டோம். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை எண்ணத்தையா வாசிக்கும்? எழுத்தைத்தான் வாசிக்கும்.

மறுநாள் காலை அவன் எதிரிலேயே அந்தக் காகிதத்தைக் கிழித்தோம். புதுக் காகிதத்தில் ஆள் பெயர் ஒன்றுகூட இல்லாமல் எழுதினோம். அரிசி, பால், பள்ளிக்கூடம், மருந்து, வாடகை. முதல் சிவப்புக் கோட்டை நம்முடைய சாயாக்கடைச் செலவுக்குப் போட்டோம். இரண்டாவது கோடு நம் கைப்பேசி மாதக் கட்டணத்துக்கு. பிறகு அவனை மடியில் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னோம். "அத்தாவுக்கு வேலை போய்விட்டது. இவ்வளவு காசு வரும். அடுத்த வேலை தேடுகிறேன். இந்த வீட்டை விட்டு யாரும் எங்கேயும் போகப் போவதில்லை." ஒரு தடவை சொன்னது போதவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம், படுக்கப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு விதமாக அதையே திரும்பக் கேட்டான். அத்தனை தடவையும் சலிக்காமல் பதில் சொன்னோம் என்று பெருமையடிக்க மாட்டோம். சலித்த நாளும் உண்டு.

நிற்க. மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற கட்டளை குர்ஆன் ஷரீஃபில் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று அன்ஆம் சூராவின் 151-ம் ஆயத்து. மற்றொன்று பனீ இஸ்ராயீல் சூராவின் 31-ம் ஆயத்து. மதரஸாவில் ஓதும்போது இரண்டும் ஒன்றே என்று நினைத்திருந்தோம். வேலை இல்லாத நாள்களில்தான் தர்ஜமாவை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் பார்த்தோம். முதலாவதில் வறுமை ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட தகப்பனிடம் பேச்சு நடக்கிறது. அங்கே, உனக்கும் அவர்களுக்கும் ரிஜ்கு தருவது நாமே என்று தகப்பனை முன்னே வைத்து அல்லாஹ் சொல்கிறான். இரண்டாவதில் வறுமை இன்னும் வரவில்லை. வருமோ என்ற பயம்தான். அங்கே பிள்ளைகளை முன்னே வைத்து, அவர்களுக்கும் உங்களுக்கும் என்று வருகிறது. தஃப்ஸீர் எழுதிய பெரியவர்கள் இந்த வித்தியாசத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இல்லாதவனுக்கு இன்றைய கவலை தன் கையைப் பற்றியது. பயப்படுகிறவனுக்கு அந்தப் பிள்ளை வந்து தின்றுவிடுமே என்ற கவலை. நம் காலத்தில் பிள்ளையை யாரும் உயிரோடு புதைப்பதில்லை. ஆனால் இந்தப் பிள்ளை வந்துதான் இந்த வீட்டுக்குத் தரித்திரம் வந்தது என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. நம் காதாலேயே கேட்டோம்.

ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களே யத்தீமாக வளர்ந்தவர்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப் மறைந்தபின் பெரிய தந்தை அபூதாலிப் எடுத்து வளர்த்தார். அபூதாலிப் செல்வந்தர் அல்லர், பிள்ளைகளும் அதிகம். பின்னாளில் குறைஷிகளுக்குக் கடும் பஞ்சம் வந்தபோது என்ன நடந்தது என்பதை ஸீரா எழுதியவர்கள் சொல்கிறார்கள். ரஸூலுல்லாஹ் அவர்கள் வசதியுள்ள சிறிய தந்தையான அப்பாஸ் (ரலி) அவர்களிடம் போய், அபூதாலிபின் பாரத்தைக் குறைப்போம் என்று பேசி, இருவருமாகப் போய் அலி (ரலி) அவர்களைத் தம் வீட்டுக்கும், ஜஃபர் (ரலி) அவர்களை அப்பாஸ் வீட்டுக்கும் கொண்டு வந்தார்கள். நம்மவர்களில் சிலர் இதைக் காட்டி, "பார்த்தீரா, கஷ்டம் வந்தால் பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பலாம்" என்பார்கள். யார் யாரிடம் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கஷ்டப்பட்டவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலையவில்லை. வசதியுள்ள உறவினர்கள் தாமாக அவர் வீட்டுக்கு வந்தார்கள். போன பிள்ளை வேண்டாத பிள்ளையாகப் போகவில்லை.

ஜைது இப்னு ஹாரிதா (ரலி) அவர்களின் சரித்திரத்தையும் இங்கே நினைக்க வேண்டும். சிறு வயதில் பிடிபட்டு, உக்காழ் சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா (ரலி) அம்மையார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்பு அவருடைய தகப்பனாரும் சிறிய தகப்பனாரும் தேடிக்கொண்டு மக்காவுக்கு வந்து, மீட்புப் பணம் தருகிறோம் என்றார்கள். ரஸூலுல்லாஹ் அவர்கள் பணத்தைப் பேசவில்லை. பையனையே கேட்கச் சொன்னார்கள். ஜைது இருந்த இடத்திலேயே இருப்பதைத் தேர்ந்துகொண்டார். தகப்பனாரும் மனம் குளிர்ந்து திரும்பினார். நாம் இதில் படித்துக்கொண்டது, வளர்ப்புப் பிள்ளையைப் பற்றிய பேச்சு அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே நடக்கக் கூடாது என்பதே. எங்கள் வீட்டிலோ, வேலை போன இரண்டாம் வாரம் உறவினர் ஒருவர் வந்து, பையன் பக்கத்து அறையில் இருக்கும்போதே, "இவனை ஓதுகிற பிள்ளையாக ஓர் அசராமாவில் சேர்த்துவிட்டால் சோற்றுச் செலவு மிச்சம்" என்றார். ஓதும் விடுதியில் சேர்ப்பது நல்ல காரியம்தான். ஆனால் வேலை போன மாதத்தில், சோற்றுச் செலவுக்காக, அந்தப் பிள்ளையை மட்டும் அனுப்பினால் அதற்குப் பெயர் ஓதவைத்தல் அல்ல.

ஜைது அவர்களை முதலில் முஹம்மதின் மகன் ஜைது என்றே மக்கள் அழைத்து வந்தார்கள். அஹ்ஜாப் சூராவின் 4, 5-ம் ஆயத்துகள் இறங்கிய பிறகு அந்த வழக்கம் நின்றது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தகப்பன்மாரின் பெயராலேயே அழைக்க வேண்டும். தகப்பன் யாரெனத் தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்களும் நம்மைச் சார்ந்தவர்களும் ஆவார்கள் என்பது கட்டளை. இதனால் மூன்று விஷயங்கள் வருகின்றன. பெயர் மாறாது. பாகப் பிரிவினையில் வளர்ப்புப் பிள்ளைக்குப் பங்கு இல்லை. பருவம் வந்தபின் வீட்டில் மஹ்ரம் அல்லாத முறை வந்து சேரும். இரண்டு வயதுக்குள் முறைப்படி பால்குடி உறவு உண்டானால் இந்த மூன்றாவது தீரும். எங்கள் பெண் குழந்தைக்கு நம்முடைய சகோதரி பால் கொடுத்தார். ஆகவே நாம் அதற்குப் பால்குடி மாமா ஆனோம். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை நிறைவாகக் குடித்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேதி போட்டு எழுதிவைத்தோம்.

பாகம் இல்லை என்ற சட்டத்தை வேலை இழந்தவன் ஊன்றிப் பார்க்க வேண்டும். சம்பாத்தியம் இருக்கும்போது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். நம் கண் மூடினால் வளர்ப்புப் பிள்ளைக்கு சட்டப்படி ஒரு காசும் போகாது. மூன்றில் ஒரு பாகம் வரை வஸிய்யத்து எழுதலாம். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். இவ்விரண்டும் அந்தப் பிள்ளைகளுக்காகத் திறந்துள்ள வாசல்கள். சேமநிதிப் பணத்துக்குப் பிள்ளை பெயரை நியமனம் செய்துவிட்டோம், அது போதும் என்று சில சகோதரர்கள் எண்ணுகிறார்கள். முஸ்லிம் ஒருவர் நியமிக்கும் ஆள், பணத்தை வாங்கி வாரிசுகளுக்கு ஃபராயில் சட்டப்படி பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளிதான். பணம் அவருக்கே சொந்தமாகிவிடாது.

இனி காகிதம். நாம் மிகவும் அலட்சியமாக இருந்து அதிகம் அனுபவித்தது இதில்தான்.

வயது சென்றவர்களுக்கு நட்ரா வழக்கு நினைவிருக்கும். டச்சுக் குடும்பத்தில் பிறந்த அந்தப் பெண்ணை 1942-ல், ஜாவாவில் யுத்தம் நடந்த காலத்தில், அமீனா என்ற மாது எடுத்து வளர்த்தார். பின்னர் திரெங்கானு, கெமாமானில் குடியிருந்தார்கள். நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டதா, சில நாள் வைத்துக்கொள்ளக் கொடுக்கப்பட்டதா என்று இரு தரப்பும் வெவ்வேறு சொன்னார்கள். சிங்கப்பூர்க் கோர்ட்டு பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. 1950 டிசம்பர் 11-ந் தேதி தொடங்கிய கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள். நம் தமிழ் முஸ்லிம் பத்திரிகையாளரான கரீம் கனி அவர்கள்தான் நட்ராவுக்காக அமைந்த நடவடிக்கைக் குழுவின் தலைவர். அந்த வழக்கில் மார்க்கமும் அரசியலும் கலந்திருந்தன. அதெல்லாம் வேறு பேச்சு. நமக்கு வேண்டியது ஒன்று. ஒரு பிள்ளையைக் கொடுத்தபோது யாரும் மறுக்க முடியாத ஒரு காகிதம் எழுதப்பட்டிருந்தால், எட்டு வருஷம் கழித்து அந்தச் சிறு பெண் கோர்ட்டு வாசலில் நின்றிருக்க வேண்டாமே!

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1952-ல், மலாயாவில் தத்து சம்பந்தமாக இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று கோர்ட்டு மூலம் தத்தெடுக்கும் சட்டம். அது முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. மற்றொன்று தத்துப் பதிவுச் சட்டம். அது நமக்கும் உண்டு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளையைத் தொடர்ந்து இரண்டு வருஷமாவது வளர்த்துப் பராமரித்து வந்தவர்கள் பதிவிலாகாவில் மனுச் செய்து பதிந்துகொள்ளலாம். இந்தப் பதிவினால் பெயரும் பாகமும் மாறுவதில்லை. வளர்ப்பவர் இன்னார் என்பதற்கு சர்க்கார் அத்தாட்சி கிடைக்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு 2019-லேயே இரண்டு வருஷம் நிறைந்துவிட்டது. கோலா கங்சாருக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போக வேண்டியதுதான். நாளைக்கு, நோன்பு கழியட்டும், பெருநாள் கழியட்டும் என்று தள்ளினோம். வேலை போன பிறகு ஓர் உதவித் தொகைக்கு மனு எழுதினால், பிள்ளைகள் எத்தனை என்ற கட்டத்தில் இரண்டு என்று போட முடியவில்லை. எங்கள் பெயரில் பிள்ளையே இல்லை. முதலாம் வகுப்புக்குப் பதியப் போன இடத்திலும், நீர் யார் என்ற கேள்வி வந்தது. பெட்ரோலுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் நான்கு தடவை அலைந்தோம். வேலை இருந்த காலத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு முடிந்திருக்க வேண்டிய காரியம்!

பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளையாகவோ, பெற்றவர்களின் குடியுரிமை தெரியாத பிள்ளையாகவோ இருந்தால் இன்னும் சிக்கல். தத்துப் பதிவு குடியுரிமையைத் தராது. அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் தனியாக மனுச் செய்ய வேண்டும். பிள்ளை சிறு வயதாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

இது நம் வட்டாரத்துக்குப் புதிய சங்கதி அல்ல. யுத்த காலத்திலும் அதன் பிறகு வந்த அவசரகாலத்திலும் ஏழைச் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் கொடுத்தார்கள். அந்த அவசரகாலம் நம்முடைய ஊர்ப் பக்கத்திலேதான், 1948 ஜூன் 16-ந் தேதி, எல்பில் தோட்டத்திலும் அருகிலுள்ள இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்டது. அப்படி வளர்ந்த பெண்கள் தமிழ் பேசி, தமிழ்ப் பழக்கத்தில் வாழ்ந்து, இன்று பாட்டிமார்களாக இருக்கிறார்கள். சற்றே பின்னால், 1950-களிலும் 60-களிலும், பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டம் கைமாறினால் வேலையோடு குடியிருந்த லயனும் போயிற்று. நம் ஊரில் 1919-ல் பிறந்த துன் சம்பந்தன் அவர்கள் தொழிலாளிகளின் காசையே சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் அமலானபோது, ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலையிழந்து கப்பலேறினார்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட வீடுகளின் பாடு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். வேலை போனவர்களில் பலர் வெட்கத்தினாலோ தெரியாமையினாலோ தமக்கு உரியதைக் கேட்பதில்லை. 2017-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரி முதல் நடக்கிறது. சொக்சோதான் நடத்துகிறது. சம்பளத்தில் 0.2 சதவிகிதம் தொழிலாளியிடமிருந்தும் அதே அளவு முதலாளியிடமிருந்தும் பிடிக்கிறார்கள். ஆள்குறைப்பிலோ கடை மூடியோ வேலை போனால், முதல் மாதம் 80, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 சதவிகிதம் என்று உதவி உண்டு. மாதம் 2,000 வெள்ளி சம்பளக்காரருக்கு இது ஆறு மாதத்தில் 5,400 வெள்ளி ஆகிறது. எத்தனை மாதம் என்பது எவ்வளவு காலம் சந்தா கட்டினார் என்பதைப் பொறுத்து மூன்று முதல் ஆறு வரை. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கும் நடத்தைக் குற்றத்தினால் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. ஆகவே, "நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, மரியாதையாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இது போக, தொழில் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியருக்கு 1980-ம் ஆண்டு விதிகளின்படி ஆள்குறைப்பு நஷ்டஈடு உண்டு. ஒரு வருஷமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து வரை பதினைந்து நாள். ஐந்துக்கு மேல் இருபது நாள். நாம் இவற்றைத் தாமதமாகத் தெரிந்துகொண்டு, ஐம்பத்திரண்டாம் நாள்தான் சொக்சோ மனுவைப் போட்டோம்.

இந்த இடத்தில் வியாபாரச் சகோதரர்களிடம் மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. வேலை இழந்தவர்களுக்காக இதுவரை எழுதினோம். நம்முடைய கடைகளில் வேலை பார்க்கும் பையன்களுக்கு நம்மில் எத்தனை பேர் சொக்சோ கட்டுகிறோம்? ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் கட்டியாக வேண்டும். 2,000 வெள்ளி சம்பளத்துக்கு இந்தக் காப்புறுதியில் முதலாளி பங்கு சுமார் 4 வெள்ளி. ஒரு பாக்கெட் மசாலாத் தூள் விலை. சொந்த ஊர்ப் பையன், நம்ம பிள்ளை மாதிரி என்று சொல்லிக்கொண்டு அதைக் கட்டாமல் விட்டால், கடை மூடும் நாளில் அவன் வீட்டுக் குளிர்பெட்டியில் என்ன காகிதம் ஒட்டப்படும்? 2020-ல் நமக்கு அந்த உதவி கிடைத்தது, பழைய முதலாளி ஒழுங்காகக் கட்டியிருந்ததனால்தான். நாம் இப்போது ஓர் ஆள் வைத்திருக்கிறோம், கட்டுகிறோம்.

மூன்றாம் மாதம் எங்களுக்கு இன்னொரு சோதனை வந்தது. பிள்ளைகளுக்குப் பெருநாளில் வந்த காசையெல்லாம் தாபோங் ஹாஜியில் அவர்கள் பெயரில் போட்டு வந்தோம். அதில் அறுநூறு வெள்ளிக்கு மேல் இருந்தது. வாடகை நின்றது. யத்தீமின் பொருளை அநியாயமாகத் தின்பவர்கள் வயிற்றில் நெருப்பைத் தின்கிறார்கள் என்ற எச்சரிக்கை நிஸா சூராவில் உள்ளது. அதே சூராவின் 6-ம் ஆயத்தில், பராமரிப்பவன் வசதியுள்ளவனாக இருந்தால் தொடாமல் இருக்கட்டும், ஏழையாக இருந்தால் நியாயமான அளவு உண்ணலாம் என்றும், பொருளை ஒப்படைக்கும்போது சாட்சி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் யத்தீம்களா இல்லையா என்பது ஒரு புறம் இருக்க, காசு அவர்களுடையது. இமாமிடம் கேட்டோம். "தேவைக்கு எடுத்தால் கடனாக எழுதி எடும்" என்றார். முந்நூறு வெள்ளி எடுத்து, 555 புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே எழுதி, அவரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் செய்தோம். 2022-ல் கட்டி முடித்தோம். அந்தப் புத்தகம் இப்போதும் கல்லாவில் இருக்கிறது.

வீட்டில் இருந்த அந்த ஏழெட்டு மாதம் முழுவதும் துயரம் என்று எழுதினால் அது பொய். நாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்; மூன்றரை வயதுச் சின்னவளுக்கோ ஒரே கொண்டாட்டம். அத்தா பகலிலும் வீட்டில் இருக்கிறாரே! அவள் அம்மா அதிகாலையில் எழுந்து நாசி லெமாக்கும் கறிபாப்பும் செய்து பக்கத்துச் சாயாக்கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பசியாற வைப்பது நம் பங்காயிற்று. இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. பாலர் பள்ளி வாசலில் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டு வேலை செய்தால் ஆண்பிள்ளைக்கு மரியாதை போய்விடும் என்பவர்களுக்கு, ரஸூலுல்லாஹ் அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்து, வீட்டு வேலைகளில் துணை நின்றார்கள் என்று ஆயிஷா (ரலி) அம்மையார் அறிவித்திருப்பதை நினைவூட்டுகிறோம்.

ஒழுங்கு மாறாமல் வைத்திருந்ததுதான் பையனுக்கு மிகவும் உதவிற்று என்று இப்போது தோன்றுகிறது. பள்ளிக்குப் போகும் நேரம், மஃரிபுக்குப் பின் ஓதும் நேரம், வெள்ளிக்கிழமை மீன் குழம்பு, இவற்றை மாற்றவில்லை. மீன் சிறிதாயிற்று; கிழமை மாறவில்லை. கோபம் மட்டும் நம்மை மீறிற்று. ஒரு நாள் பால் டம்ளரைக் கொட்டியதற்காகக் கத்திவிட்டோம். அவன் நடுங்கியதைக் கண்டு, அன்றிலிருந்து கோபம் வந்தால் வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைப்போம். அந்த வருஷம் வண்டி மிகவும் பளபளப்பாக இருந்தது.

உறவினர்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்கிறார்கள். ஆலோசனையைக் குறைத்து அரிசியைக் கூட்டலாம். நம்முடைய சகோதரி வாரம் இரண்டு நாள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு வைத்துக்கொண்டார். சாயங்காலம் தவறாமல் கொண்டுவந்து விட்டார். ஒரு வியாபார நண்பர் ஜகாத் என்று சொல்லாமல், மொத்தச் சரக்கை மூன்று மாதத் தவணையில் கொடுத்து, கடை வைக்கத் துணை செய்தார். ஜகாத் வாங்கும் நிலைக்கு வந்தவர்களும் கூச வேண்டியதில்லை. ஃபகீர், மிஸ்கீன், கடனாளி ஆகிய மூவரும் தௌபா சூராவின் 60-ம் ஆயத்தில் சொல்லப்பட்ட எட்டு வகையாரில் உள்ளவர்கள். பேராக்கில் சமய மன்றத்திடம் மனுச் செய்யலாம்.

அரிசி கடன் கேட்ட சகோதரர் வீட்டில் பிள்ளை இன்னும் இருக்கிறது. அவர் சொக்சோ மனுவைப் போட்டுவிட்டார்; தத்துப் பதிவு பாக்கி. அதுபோல் பாக்கி வைத்திருக்கும் சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கடைக்கு வரலாம். மனுத்தாள் நிரப்புவதற்கு நம் பையனே இப்போது பழகிவிட்டான். கையெழுத்து நம்முடையதைவிட அவனுக்குத் தெளிவு. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் உங்கள் இருவரின் அடையாள அட்டையையும் நிக்காஹ் பத்திரத்தையும் மறக்காமல் எடுத்து வரவும். வஸ்ஸலாம்.